அகதிகளின் வழித்தடங்களை ஆராயும் பல்கலைக்கழகத்தாருக்கு ரங்கூனிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு எங்கள் மியான்மர் (பர்மா) நாட்டு எல்லைகளைப் பற்றிய ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரத்துக்குள் போகும் சின் இனக் குடும்பங்கள், மோய் ஆற்றுக்கு அப்பால் தாய்லாந்தின் மே சோட்டில் மறைந்து வாழும் இளைஞர்கள், 2017 ஆகஸ்டுக்குப் பின் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிய ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் என எல்லாரையும் பற்றி எழுதுகிறீர்கள். அவர்கள் பாடு உலகுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இன்றும் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பாதையில் நீங்கள் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். கேட்டால் யாருக்கும் கேடு வராத பழைய பாதையில் எதையுமே கேட்பதில்லை. இந்த முறைகேட்டைச் சொல்லத்தான் இம்மடல்.

எல்லை தாண்டிய எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவரிடம் கொடுக்கப்பட்ட வினாத்தாளைப் பார்த்தேன். எந்த ஊர் வழியாக வந்தீர்கள், ஆற்றில் எந்த இடத்தில் இறங்கினீர்கள், கூட்டி வந்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், இரவில் தங்க வைத்தவர் யார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசித் தாளில் ஒப்புதல் படிவம் என்ற பெயரில் பெயரும் கையெழுத்தும் தேதியும் வாங்கியிருந்தார்கள். அவரைப் பாதுகாப்பதற்கென்று உங்கள் நெறிமுறைக் குழு வகுத்த அந்தத் தாள்தான் அந்தக் கட்டிலேயே அவருக்கு மிகவும் ஆபத்தானது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட பிறகு வெளியேறியவர் அவர்; தாய் தகப்பன் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் கைப்பேசியை வாங்கித் திறந்து பார்ப்பது இங்கே அன்றாட நடப்பு என்பதை, அவருடைய பேட்டியைக் குரல் பதிவாக அவர் கைப்பேசிக்கே அனுப்பி வைத்தவர் அறிந்திருக்க வேண்டாமா?

நல்லெண்ணத்தோடு திரட்டிய விவரமும் கை மாறும். வங்கதேச முகாம்களில் ஐ.நா. அகதிகள் ஆணையம் ரோஹிங்கியாக்களிடம் திரட்டிய விவரங்களை வங்கதேச அரசு மியான்மர் அரசிடமே கொடுத்தது என்றும், தங்கள் விவரம் அங்கே போகும் என்பது பலருக்குத் தெரியாது என்றும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் வெளிப்படுத்தியது. உரிய ஒப்புதல் பெற்றே செய்தோம் என்று ஆணையம் விளக்கம் சொன்னது. யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்கள் கையிலேயே பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகு, விளக்கத்தால் என்ன பயன்?

இனி, நீங்கள் கேட்காத பாதைக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. அந்த மாதங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவை நோக்கி நடந்தே கிளம்பினார்கள். புரோமிலிருந்து டவுங்கப் கணவாய் வழியே மேற்குக் கரையிலுள்ள அரக்கானுக்கும், கலேவா, தமு வழியே இம்பாலுக்கும், ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் போனார்கள். காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள் என்ற புகார் அன்றே எழுந்தது.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளின் அறிக்கைகளையும், அக்கரை போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கையும் வைத்தே எழுதினார்கள். போய்ச் சேராமல் திரும்பியவர்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. காலரா பரவுகிறது என்று புரோமில் பாதையை அடைத்தபோது, என் அப்பத்தா சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பும் அரிசியும் தீர்ந்துபோய், இரண்டு பிள்ளைகளோடு வந்த வழியே திரும்பி நடந்தார். நாங்கள் இன்றைக்கும் பர்மாத் தமிழராக இருப்பது அதனால்தான். இப்படித் திரும்பிய குடும்பங்கள் வேறெங்கெல்லாம் இருக்கின்றன என்று எந்த ஆய்வாளரும் எங்களிடம் தமிழில் கேட்டதில்லை. அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

1964 இல் கடைகள் அரசுடைமையான பின் கப்பலேறியவர்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அவர்களில் சிலர் தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல், பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணித் தமுவை நோக்கி வந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கினார்கள். 2023 மே மாதக் கலவரத்தில் மோரேயிலும் வீடுகள் எரிந்தன. வீட்டோடு எரிந்துபோன பழைய காகிதங்களை யார் எழுதிக் கொடுப்பது?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். இன்று பயன்படும் கடவுகளின் இடம், கட்டணம், உதவியவர் பெயர் ஆகியவற்றைக் கேட்காதீர்கள்; தானாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். ஒப்புதலை வாய்மொழியாகப் பெற உங்கள் நெறிமுறைக் குழுக்கள் இடம் தரட்டும். ஏற்கனவே திரட்டியவற்றில் பெயரும் கையெழுத்தும் உள்ள தாள்களை அழித்துவிட்டு, அழித்ததை உரியவரிடம் தெரிவியுங்கள். 1942 ஐ நினைவில் வைத்திருப்போரிடம் தமிழ் தெரிந்தவர்களை அனுப்பிக் கேளுங்கள். இங்கே வர இயலாவிட்டால் சென்னை வியாசர்பாடியிலிருந்து தொடங்கலாம்; அங்குள்ள பர்மாக் குடும்பங்களுக்கு இங்கே எஞ்சியிருப்பவர்களின் பெயரும் ஊரும் தெரியும். எழுதி முடித்ததைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் கோயில்களில் பாடசாலை நடத்தும் ஆசிரியர்கள் அதைப் படித்துப் பிழை திருத்தித் தர ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ரங்கூன் தமிழர் ஒருவர்