கிரகணமும் புயலும் சனிப்பெயர்ச்சியும்: ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவுக்கு

ரொறன்ரோ, கனடா
27.01.2026

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் சுகத்துக்கு நல்லூரான் துணை.

போன கடிதத்தில் இரண்டு விசயம் கேட்டிருந்தீர்கள். இருட்டும் பனியுமான நாட்டில் திதி, விரதம், இராகுகாலம் எல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது ஒன்று. பூமியதிர்ச்சி, கிரகணம், புயல், சனிப்பெயர்ச்சி என்று அடுக்கடுக்காய் வருகிறதே, இதற்கெல்லாம் என்ன பொருள், அங்கே சனம் என்ன கதைக்குது என்பது மற்றது. முதலாவதை விளங்கப்படுத்தினால்தான் இரண்டாவதுக்கு மறுமொழி எழுதலாம்.

யாழ்ப்பாணத்தில் பகல் வருசம் முழுக்கப் பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இடையில் நின்றுவிடும். இங்கே டிசெம்பர் 22 அளவில் காலை 7.48க்கு உதயம், பின்னேரம் 4.44க்குப் பொழுது பட்டுவிடும். ஜூன் மாதம் 5.36க்கு விடிந்தால் இரவு 9.03 மட்டும் வெளிச்சம். இந்த வித்தியாசத்தில் முதலில் அடிபடுவது இராகுகாலம். பகலை எட்டாய்ப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு என்று எடுப்பதுதான் முறை. ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிற நாளை வைத்துத்தான் ஒன்றரை மணித்தியாலம், திங்கள் 7.30 முதல் 9.00 என்று கலண்டரில் அச்சடிக்கிறார்கள். இங்கே தமிழ்க் கடைகளில் தருகிற கலண்டரிலும் அதே நேரம்தான். டிசெம்பர் 7.30க்கு இங்கே சூரியன் உதிக்கவேயில்லை, இல்லாத பகலுக்கு எங்கேயிருந்து இராகுகாலம் வரும்? எட்டில் ஒரு பங்கு அப்போது 67 நிமிடம், திங்கட்கிழமை 8.55க்குத் தொடங்கி 10.02க்கு முடியும். ஜூனில் ஒரு பங்கு 116 நிமிடம், 7.32 முதல் 9.28 வரை. எமகண்டத்துக்கும் குளிகைக்கும் இதே கணக்குத்தான்.

திதி வேறு மாதிரி. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அது ஆகாயத்தில் நடக்கிற காரியம், உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் முடியும். மாறுவது எங்கள் மணிக்கூடு மட்டும். குளிர்காலத்தில் யாழ்ப்பாண நேரத்திலிருந்து பத்தரை மணித்தியாலம் கழிக்கவேணும்; மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மணிக்கூட்டை முன்தள்ளி வைப்பதால் ஒன்பதரை.

அன்று உங்களுக்கு உதயம் 6.10, அட்டமி நாழிகை 20 வரை என்று பஞ்சாங்கம் சொல்கிறது என்று வையுங்கள். உதயத்திலிருந்து எண்ணுகிற நாழிகை ஒன்று 24 நிமிடம்; 20ஐ 24ஆல் பெருக்க 480 நிமிடம், அதாவது 8 மணித்தியாலம். உதயத்தோடு கூட்டினால் பிற்பகல் 2.10. பத்தரையைக் கழித்தால் இங்கே அன்று அதிகாலை 3.40. விடியும்போது நவமி வந்துவிட்டது. ஆகவே உதயத்தில் நிற்கிற திதியைக் கொண்டு பார்த்தால் அட்டமி இங்கே முதல்நாளே போய்விட்டது. இதில் கனபேர் விடுகிற பிழை, யாழ்ப்பாணப் பஞ்சாங்க நாழிகையை ரொறன்ரோ உதயத்திலிருந்து எண்ணுவது. உதயம் 7.40 என்றால் அப்படி எண்ணிப் பிற்பகல் 3.40 என்று எடுப்பார்கள். சரியாய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் பிழைத்துப்போகும். நாழிகை எந்த ஊர் உதயத்துக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊர் நேரத்துக்கு முதலில் மாற்றவேணும், பிறகுதான் கழிக்கவேணும்.

சிவராத்திரியில் இது இன்னும் நுட்பம், ஏனென்றால் அதற்கு நள்ளிரவில் சதுர்த்தசி நிற்கவேணும். 2025இல் திருக்கணிதப்படி, அதாவது இன்றைய வானியல் கணக்கில் போடுகிற பஞ்சாங்கப்படி, சதுர்த்தசி உங்களுக்குப் பெப்ரவரி 26 முற்பகல் 11.08க்குத் தொடங்கி 27 காலை 8.54க்கு முடிந்தது. ஒரு குழப்பமும் இல்லை. இங்கே அது 26 அதிகாலை 12.38க்கு வந்து அன்றிரவு 10.24க்குப் போய்விட்டது. ரொறன்ரோவில் அந்த நாட்களில் இரவின் நடு 12.31. இலிங்கோற்பவ காலமாய் அதை ஒட்டிய இரண்டு நாழிகையை எடுத்தால் 12.07 முதல் 12.55. முதல் இரவில் திதி பாதியில் வந்து சேர்கிறது, அடுத்த இரவில் வருமுன்னமே போய்விடுகிறது. இரண்டு இரவும் முழுதாய்ப் பொருந்தவில்லை. கணக்கை எவ்வளவு துல்லியமாய்ப் போட்டாலும் எந்த இரவு விழிப்பது என்று அது சொல்லாது. அப்படியான வேளையில் பெரியவர்கள் கூடி ஒரு இரவைத் தீர்மானிக்க, ஊர் அதைப் பின்பற்றும். அப்படிச் செய்தது குறைந்த சிவராத்திரி என்று நான் ஒருபோதும் நினைக்கமாட்டேன். இந்த வருசம் அந்தக் கரைச்சல் இல்லை. உங்களுக்குப் பெப்ரவரி 15 பின்னேரம் 5.04க்குத் தொடங்குகிற சதுர்த்தசி எங்களுக்கு அன்று காலை 6.34, முடிவது 16 காலை 7.04. இரண்டு ஊருக்கும் 15ஆந் திகதி இரவுதான்.

திவசத்துக்கு, இறந்த கணத்தில் இருந்த திதியை இறந்த ஊரில் குறித்துக்கொள்ளவேணும். கொடுக்கிற நாளைப் பிள்ளை இருக்கிற ஊரில் பார்க்கவேணும். பகலை ஐந்தாய்ப் பிரித்தால் நாலாம் பங்கு அபரான்னம், அந்த நேரம் திதி நிற்கிற நாள் எதுவோ அது. டிசெம்பரில் இங்கே அது 1.09 முதல் 2.56 வரை. வேலைக்குப் போகிறவர்கள் அரைநாள் லீவு எடுத்தாலே காணும், முழுநாள் தேவையில்லை. மரணச் செய்தி வந்தால் கிழமையைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் வருவதும் உண்டு. அங்கே புதன் அதிகாலை 3 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் செவ்வாய் பின்னேரம் 4.30. எங்கள் முறையில் உதயத்தோடுதான் நாள் மாறும், ஆகவே அங்கேயும் அது செவ்வாய்தான். 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு இரண்டு இடத்திலும் ஒரே நாளிலிருந்து எண்ணலாம்.

இங்கே கோயில்கள் பல, முன்பு தொழிற்சாலையும் களஞ்சியமுமாய் இருந்த கட்டடங்களில் நடக்கின்றன. ஓமம் வளர்க்க முன்னம் புகை உணர்கருவியைப் பற்றிக் கட்டடக்காரரோடு கதைத்து ஒழுங்கு செய்யவேணும், தேர் வீதிக்கு வர மாநகரசபையின் அனுமதி வேணும்.

இனி மற்றக் கேள்வி.

2024 ஏப்ரல் 8 இங்கே பங்குனி அமாவாசைப் பின்னேரம் சூரிய கிரகணம். நயாகராவில் 3.18 அளவில் முழுதாய் மறைந்தது, ரொறன்ரோவில் ஒரு கீற்று மிஞ்சியது. நயாகராவில் சனம் வந்து குவியும் என்று முன்கூட்டியே அவசரகால நிலை அறிவித்தார்கள். ரொறன்ரோப் பாடசாலைச் சபை பிள்ளைகளுக்கு அன்று விடுமுறையாய் மாற்றியது. உங்களுக்கு அப்போது நள்ளிரவு கடந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு அனுட்டானம் இல்லை, அதனால் நல்லூரில் நடை சாத்தவும் தேவையில்லை. இதை நாங்கள் நன்றாய் யோசிக்கவேணும். பார்க்கிற ஊருக்குத்தான் கிரகணம் என்று பெரியவர்களே வகுத்துவிட்டார்கள் என்றால், அமெரிக்காவில் தெரிகிற கிரகணம் ஆசியாவில் ஒரு ஊரை அழித்தது என்று சொல்ல எங்கள் சாத்திரமே இடந்தரவில்லை.

வட்ஸ்அப்பில் வருகிற கதை, கிரகணத்துக்குப் பதினைந்து நாள் முன்பின் பூமியதிர்ச்சி வரும் என்பது. கணக்குப் பாருங்கள். வருசத்துக்குக் குறைந்தது நாலு கிரகணம், அவை அநேகமாய்ச் சூரியனும் சந்திரனுமாய்ச் சோடியாக, பதினைந்து நாள் இடைவெளியில் வரும். ஒரு சோடிக்கு முன்னும் பின்னும் பதினைந்து நாள் சேர்த்தால் 45 நாள். இரண்டு சோடிக்கு 90. வருசத்தில் கால்வாசி நாள் கிரகணத்தின் கணக்கில் போய்விட்டது. உலகத்தில் 7க்கு மேற்பட்ட பூமியதிர்ச்சி வருசத்துக்குப் பதினைந்தளவில் வருகிறது. மூன்று நாலு அந்தக் கால்வாசிக்குள் விழாவிட்டால்தான் அதிசயம்.

2025 மார்ச் 28 மியன்மாரில் 7.7 அளவில் அதிர்ந்து ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அடுத்த நாள் பகுதிச் சூரிய கிரகணம். அன்றே திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனார். மூன்றையும் முடிச்சுப் போட்டு எத்தனையோ காணொளி வந்தது. ஆனால் நீங்கள் பார்க்கிற, பழைய வாய்பாட்டில் கணிக்கிற வாக்கிய பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சி 2026 மார்ச் 6. மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமும் ஏறக்குறைய ஒரு வருசம் வேறுபடுகின்றன, பழைய வாய்பாட்டில் சேர்ந்துவந்த சிறு வித்தியாசம் மெல்ல ஊருகிற சனிக்கு அவ்வளவாய்த் தெரிகிறது. எள்ளெண்ணெய் எரிக்க எந்த நாளும் நல்லநாள்தான். ஆனால் ஒரு பஞ்சாங்கத்தில் பெயர்ச்சிக்கு முதல்நாள், மற்றதில் பெயர்ச்சிக்குப் பதினொரு மாதம் முன் என்று நிற்கிற ஒன்றைச் சனியின் தலையில் எப்படிப் போடுவது? மியன்மாரின் நடுவால் மண்டலேயை அண்டி வடக்குத் தெற்காய்ச் சகாயிங் என்கிற நிலப்பிளவு ஓடுகிறது. 1930, 1946 என்று முன்னரும் அது பெரிதாய் அதிர்ந்திருக்கிறது. 2019 டிசெம்பர் 26 யாழ்ப்பாணத்தில் தெரிந்த கங்கண (வளைய) சூரிய கிரகணம்தான் கொரோனாவைக் கொண்டுவந்தது என்றார்கள். வூகானில் அதற்கு முன்னமே ஆட்கள் நோய்ப்பட்டிருந்தார்கள்.

போன நவம்பர் டித்வா புயலைப் பற்றிக் கேட்டீர்கள், மலையகத்துச் சனம் என்ன பாவம் செய்தது என்று. பெரியப்பா, அந்தக் கேள்வியையே விட்டுவிடுவோம். வங்காள விரிகுடாவில் ஐப்பசி முதல் மார்கழி வரை புயல் காலம். 1964 டிசெம்பர், 1978 நவம்பர், 2008 நவம்பர் நிஷா, எல்லாம் அதே பருவம். தண்ணீர் ஊறின சரிவு, தெருவுக்கும் லயத்துக்கும் அடிவெட்டின மண், அதன் கீழே போக வேறு இடமில்லாத குடும்பங்கள். பிள்ளையை மண்ணுக்குள் பறிகொடுத்த தாயிடம் வினைப்பயன் என்று சொல்லுகிறவர் சைவம் பேசவில்லை. வினை என்பது என்னை நான் திருத்தப் பார்க்கிற கண்ணாடி, அடுத்தவரின் துக்கத்துக்குத் தீர்ப்பு எழுத அதை எடுக்கக்கூடாது. அந்த அழிவில் விளங்காத ஒன்று இருக்கிறது, ஒரு வீடு போக அடுத்த வீடு நின்றது ஏன் என்பது. அதை விளங்காததாகவே வைத்துக் கும்பிடலாம், காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இல்லை.

குறி பார்க்கவேணும் என்றால் நிலத்திலும் கடலிலும் பார்க்கவேணும். சரிவில் புது வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, ஊற்றுத் தண்ணி கலங்குவது அல்லது நின்றுபோவது: இதில் ஒன்று கண்டாலே மழை விடும் மட்டும் பாராமல் வெளியேறவேணும். 2004 சுனாமியில் சுமாத்திராவில் அதிர்ந்ததற்கும் இலங்கையில் அலை அடித்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. பல இடங்களில் கடல் உள்வாங்கினபோது சனம் பார்க்கப் போனது. மருதங்கேணிக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கோயிலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் தொண்டுதான்.

கிரகணத்துக்குப் பெரியவர்கள் சொன்னது ஸ்நானம், செபம், தர்ப்பணம், தானம். எல்லாம் நாங்கள் செய்யவேண்டியவை. யாரைக் குற்றஞ்சொல்லலாம் என்ற பட்டியல் அதில் இல்லை. கோள் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோதும் கோளறு பதிகம் பாடிவிட்டு மதுரைக்குப் புறப்பட்டவர் சம்பந்தர். அதைப் படிக்கிற வீட்டில் பெயர்ச்சிப் பலனுக்குப் பயப்படலாமா?

வருகிற மார்ச் 3 மாசிப் பௌர்ணமியில் சந்திர கிரகணம், இரண்டு ஊருக்கும் ஒரே கிரகணம். இங்கே அதிகாலை 4.50க்குப் பிடித்து 6.04க்கு முழுதாய் மறையும், அந்த நிலையிலேயே ஏழுக்குச் சற்று முன் சந்திரன் அஸ்தமிக்கும். உங்களுக்குப் பின்னேரம் 6.20 அளவில் பிடிபட்டபடியே கிழக்கில் எழும்பி 6.47க்கு விடுபடும், உங்களுக்குத் தெரிவது அரை மணித்தியாலமும் இராது. கிழக்கு வெளியாய் இருக்கிற இடமாய்ப் போய் நில்லுங்கள். சந்திர கிரகணத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. மூன்று யாமம், அதாவது ஒன்பது மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கிற கட்டுப்பாடு வருத்தக்காரருக்கும் வயோதிபருக்கும் இல்லை. பெரியம்மா சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவ, சாப்பாட்டை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். தர்ப்பை போட்ட தண்ணியும் குடித்துக்கொண்டு இருக்கட்டும்.

சித்திரைக்கு முன் புது வாக்கிய பஞ்சாங்கம் இரண்டு பிரதி, வருகிற ஆரிடமாவது கொடுத்துவிடுங்கள். அப்பாச்சி மோசம் போன நேரம் மணி நிமிடத்தோடு பழைய கொப்பியில் இருக்கும், அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். திதியை இங்கத்தைய நேரத்துக்கு மாற்றி, தம்பி வீட்டுக்கும் சேர்த்துப் பத்து வருசத்துக்கு எழுதிவைக்கப் போகிறேன்.

இப்படிக்கு
உங்கள் அன்புப் பெறாமகன்