சென்சார் மீது மட்டும் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரை நம் குமரி மாவட்டத்திலும் பலர் பயன்படுத்தத் தொடங்கியுள்ளனர். அதில் காட்டும் அளவு ஆய்வக ரிப்போர்ட்டுடன் ஒத்துப்போகவில்லை என்றால், உடனே சென்சார்தான் தவறு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில், அந்த முடிவு பல நேரங்களில் அவசர முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடங்கள் வரை ஆகும். ஆகவே, மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுச் சர்க்கரை விறுவிறுவென ஏறும் வேளையில் இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். வெறும் வயிற்றில், அளவு சீராக இருக்கும்போது ஒப்பிடுவதே முறை. ஒட்டிய முதல் நாள் அளவையும், அந்தக் கையை அழுத்திப் படுத்தபோது பதிவாகும் தாழ்ந்த அளவையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. (ஊசி முனைகூடத் தோலில் படாமல் சர்க்கரையைச் சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களின் கதை வேறு, அவற்றில் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துள்ளது.)

யாரும் கேட்காத கேள்வி, ஆய்வக எண் எவ்வளவு சரி என்பதுதான். குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதியை) பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். மலையோர ஊரில் காலை 6 மணிக்கு எடுத்த ரத்தம், மற்ற ஊர் மாதிரிகளும் சேரும்வரை காத்திருந்து, பைக்கில் நகரத்து ஆய்வகத்தை அடைய 9 மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 ஆக இருந்த சர்க்கரை 130 சொச்சமாக ரிப்போர்ட்டில் வரும். சென்சார் 155 என்று சரியாகவே காட்டியிருந்தாலும் பழி அதன்மீதுதான் விழும். அதைவிட மோசம், கூட்ட வேண்டிய மாத்திரை கூட்டப்படாமல் போகும். இந்த இழப்பைக் குறைக்கவே சோடியம் ஃபுளோரைடு சேர்த்த, சாம்பல் நிற மூடியிட்ட குழாய் இருக்கிறது. அதுவும் முழுமையாகச் செயல்பட ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால், விரைவாகப் பிளாஸ்மாவைப் பிரிப்பதற்கு மாற்று இல்லை.

சென்சாரின் கைபேசிச் செயலி காட்டும் ‘மூன்று மாத சராசரி’யும் ஆய்வக எண்ணுடன் அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை: அது சில நாள் அளவுகளிலிருந்து போடும் கணக்கு. ஆய்வகத்தில் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையோ சிவப்பணுக்களைச் சார்ந்தது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு அது கூடுதலாகக் காட்டக்கூடும்.

எனவே, ரத்தம் எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம் ஆகிய இரண்டையும் ஒவ்வொரு சர்க்கரை ரிப்போர்ட்டிலும் அச்சிட வேண்டும் என, மாதிரி சேகரிப்பு மையங்கள் உட்பட மாவட்டத்தின் எல்லா ஆய்வகங்களுக்கும் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தக்கலை.