மழையில் பால் மரம் வெட்ட மாட்டார்கள்

கோலாலம்பூரில் சிறுகதைப் போட்டி நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வாசகர் வட்டங்களின் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பதினோரு ஆண்டுகளாகக் கதை எழுதி வருகிறேன்; அச்சில் வந்தவை நான்கு. உங்கள் போட்டிகள் சிலவற்றுக்கு என் கதைகள் வந்திருக்கின்றன. உங்களில் சிலரை நூல் வெளியீடுகளில் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த மடல். போட்டிக்கு வரும் கதையைப் படித்தவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை எழுதியவருக்குத் தெரியப்படுத்துங்கள். பரிசு கிடைத்தவருக்கும் சரி, கிடைக்காதவருக்கும் சரி.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல என் கதை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறும் வேலை பார்த்தவர். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். கடைசிக் காட்சியில் பாட்டி கொட்டும் மழையில் மரம் மரமாக வெட்டிக்கொண்டே போவார். கண்ணீரும் மழைத்தண்ணீரும் சேர்ந்து, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் விழும். அந்தக் காட்சியை எழுதிய இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு நிறைவு. போட்டிக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து நாளிதழில் முடிவு வந்தது. என் பெயர் இல்லை. அதோடு சரி. எங்கே சறுக்கியது, யார் படித்தார், கடைசிப் பக்கம் வரை படித்தாரா, எதுவும் தெரியாது. கொஞ்சம் மாற்றி அடுத்த ஆண்டு வேறொரு போட்டிக்கு அனுப்பினேன். அப்போதும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் வாசித்தேன், கை தட்டினார்கள்.

அந்த வட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் கை தட்டினாரா என்று நான் கவனிக்கவில்லை. கிளம்பும்போது, "ஒரு பிரதி குடும்மா, வீட்டுல வச்சுப் படிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது திருப்பிக் கொடுத்தார். ஒன்பது பக்கத்திலும் பென்சில் குறிப்புகள். சில இடங்களில் ஒரு சின்னச் சரி அடையாளம். ஓர் இடத்தில், "இந்த வரி உன்னுடையது, நன்றாக இருக்கிறது. இதற்கு முந்தைய மூன்று வரியும் எங்கேயோ படித்தது." எட்டாம் பக்கத்தின் ஓரத்தில், கொஞ்சம் அழுத்தி எழுதியிருந்தார்: "மழையில் பால் மரம் வெட்ட மாட்டார்கள்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். "பட்டை நனைஞ்சிருந்தா பால் கோட்டுல நிக்காதும்மா. மரம் பூரா வழிஞ்சு ஓடிரும். மங்குல தண்ணிதான் நிக்கும். மழை விடலன்னா காலையில ஆள் கூப்பிடுற பெரட்டுலயே வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க" என்றார். விடியும் முன்பே வெட்டத் தொடங்குவதற்கும் காரணம் சொன்னார். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். என் கதையில் பாட்டி காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் காட்டுக்குள் போகிறார்.

"அப்போ மழை பெஞ்ச அன்னைக்குச் சம்பளம், டீச்சர்?"

"வேலை இல்லன்னா சம்பளம் ஏதும்மா? எங்கம்மா லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து மழையையே பாத்துக்கிட்டு இருக்கும். பேசவே பேசாது."

என் முன்னால் இருந்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது. நான் எழுத வேண்டிய கதை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மழைக்குள் நின்று அழுகிற பாட்டியைத் தூக்கிப்போட்டேன். வாசலில் உட்கார்ந்து, மழை நிற்குமா என்று பார்த்துக்கொண்டு, இடையிடையே எழுந்துபோய் அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு வருகிற பாட்டியை எழுதினேன். அவர் அழவே இல்லை. அச்சில் வந்த நான்கில் அதுவும் ஒன்று.

அந்தப் பென்சில் குறிப்பு எனக்குக் கிடைக்க ஏழு ஆண்டு ஆனது. அதுவும் தற்செயலாக. இந்த நகரத்தில் எழுதுகிற எத்தனை பேருக்கு அப்படி ஒரு டீச்சர் கிடைப்பார்?

எங்கள் வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 2020இல் தொடங்கியது. யுனெஸ்கோ கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்திருந்த ஆண்டு. மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லாரும் வீட்டுக்குள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த மூன்று பேர், படித்து முடித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழே காவலரிடம் கொடுத்து வைப்போம். அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி. கட்டுப்பாடு தளர்ந்த பிறகு ஆட்கள் கூடினார்கள். இப்போது மாதம் ஒருமுறை சந்திக்கிறோம்.

புத்தகம் என்று வந்தால் எங்கள் ஆட்கள் யாருக்கும் பயப்பட மாட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லாரும் கொண்டாடும் ஒரு தடித்த நாவலைப் பற்றி ஒருவர் சொன்னது: "முதல் நூறு பக்கம் பிடி கிடைக்கவில்லை, இரண்டு தடவை மூடி வைத்தேன். அந்தக் கிழவர் வந்த பிறகுதான் கதை நகர்கிறது. அதுவரை பொறுக்க முடியும் என்றால் எடுங்கள்." இன்னொரு நாள் ஓர் அக்கா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் திரும்பப் பையில் வைத்துவிட்டார். "இப்ப வேணாம் பாப்பா. உங்கப்பா போயி மூணு மாசம்தான் ஆகுது. தீபாவளி கழிச்சுத் தரேன்." புத்தகத்தையும் தெரிந்து, ஆளையும் தெரிந்து சொல்கிற வார்த்தை அது. சொன்னபடி தீபாவளிக்குப் பிறகு கொடுத்தார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று படித்தபோது தெரிந்தது.

இங்கே புத்தகம் வாங்குவதும் லேசான காரியம் இல்லை. சென்னையிலிருந்து வருகிற நூலுக்கு வழிச்செலவும் சேர்த்துத்தான் விலை. ஒருவர் பேச்சை நம்பி வெள்ளியை (ரிங்கிட்டை) எடுத்து வைக்கிறோம். அதனால் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. பிடிக்கவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்லிவிடுகிறோம்.

அதே மேசையில், அதே ஆட்களின் முன்னால் உறுப்பினர் ஒருவர் தன் கதையை வாசித்து முடித்தால் என்ன நடக்கிறது? "அருமை. வாழ்த்துகள். தொடர்ந்து எழுதுங்கள்." பத்துப் பேரும் அதையே சொல்கிறோம். நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

இதன் காரணம் எனக்குப் புரிகிறது. நாம் சின்னக் கூட்டம். கதையை இன்று குறை சொன்னால் நாளை அவர் வீட்டுக் கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டும். இன்னொரு பயமும் இருக்கிறது, அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் ஒருவர் வேலை முடிந்து வந்து தமிழில் எழுத உட்காருவதே பெரிய காரியம். அவர் மனம் நொந்து பேனாவை வைத்துவிட்டால் இருப்பதும் போய்விடுமே என்ற பயம். நூல் வெளியீட்டில் பொன்னாடை போர்த்துவதையும், புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காதவர் உறையில் பெரிய தொகை வைத்து முதல் நூலை வாங்குவதையும் நான் குறைவாகப் பேச மாட்டேன். அந்தப் பணத்தில்தான் அச்சுச் செலவு அடைகிறது. ஆனால் எழுதியவருக்குத் தேவையான இன்னொன்று அந்த மேடையில் கிடைப்பதில்லை. வேறு எங்கேயாவது கிடைக்க வேண்டும்.

ஒரு காலத்தில் கிடைத்தது. 1950-51இல் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பொறுப்பேற்று நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எப்படி அமைப்பது என்று நாளிதழிலேயே பாடம். எழுதி அனுப்பியவர்களின் ஆக்கங்களைப் படித்துத் தரம் பிரித்தார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நிலைமையிலும் ஒரு நாளிதழ், முகம் தெரியாதவர்களின் முதல் கதைகளை உட்கார்ந்து படித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லியிருக்கிறது. அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள் பின்னாளில் மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் பெயர் பெற்றார்கள். தேறாது என்று கேட்டவர்கள் எல்லாரும் பேனாவை வைத்துவிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து தமிழ் நேசனில் பணியாற்ற வந்த தமிழ்நாட்டு எழுத்தாளர் கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டினார். இங்கே எழுதப்பட்ட கதைகளை அங்கே வைத்துப் பேசினார்கள்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. கதை வகுப்பு அதற்கு எத்தனையோ காலம் முன்பே முடிந்துவிட்டது. போட்டிகள் மட்டும் தொடர்கின்றன. அதற்காக உங்களுக்கு உண்மையாகவே நன்றி. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை வெளியிட்ட போட்டிக் கதைத் தொகுப்புகளை வைத்துத்தான் நான் கதைக்கு முடிவு எழுதப் பழகினேன். பரிசு பெற்ற கதையைப் படித்தால் எது நல்ல கதை என்று ஓரளவு தெரிகிறது. என் கதை ஏன் நல்ல கதையாகவில்லை என்பது அதில் தெரியாதே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிப்படையாகப் பேசுகிறோம் என்று நாங்கள் ஒரு முறை பெரிய தப்பு செய்தோம். உணவு விநியோகம் செய்யும் தம்பி ஒருவர், இருபத்திரண்டு வயது இருக்கும், வேலைக்கு நடுவில் வந்து ஒரு கதை வாசித்தார். கைப்பேசியிலேயே எழுதி, அச்செடுத்து நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். வாசித்து முடித்ததும் எங்களில் ஒருவர், "இதெல்லாம் ஒரு கதையா தம்பி? முதல்ல நிறையப் படிங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. அவர் அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தலைக்கவசத்துக்குள் வைத்து, பாதித் தேநீரோடு எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. கதையில் ஓர் இடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பதினேழாவது மாடியில் கதவைத் திறக்கும் சின்னப் பையன், உணவுப் பையை வாங்காமல், "அங்கிள், வெளியே மழையா?" என்று கேட்பான். அந்த ஒரு வரி நன்றாக இருக்கிறது என்று நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அருமை" என்று சொன்னவரும் "இதெல்லாம் கதையா" என்று கேட்டவரும் எந்தப் பக்கத்தையும் சுட்டவில்லை. டீச்சர் எட்டாம் பக்கத்தைச் சுட்டினார். அவர் சொன்னது அவர்கள் இருவரும் சொன்னதைவிட எனக்கு வலித்தது, அன்றே உதவவும் செய்தது. நான் கேட்பது அந்த மாதிரிக் கருத்தை.

நடைமுறையில் சிரமம் இருக்கிறது என்று தெரியும். நீதிபதிகள் ஆசிரியர்களாக, விரிவுரையாளர்களாக வேலை பார்த்துக்கொண்டே இரவில் உட்கார்ந்து கதை படிக்கிறார்கள். நூறு கதை வந்தால் நூறு கடிதம் எழுதச் சொல்வது அநியாயம். அதனால் போட்டிப் பாரத்தில் 'என் கதைக்குக் கருத்து வேண்டும்' என்று ஒரு கட்டம் போடுங்கள். வேண்டும் என்பவர்கள் மட்டும் அடையாளம் இடட்டும். ஐந்தாறு வரி போதும். எந்த இடத்தில் கதை பிடித்தது, எந்த இடத்தில் கை நழுவியது, கதைக்குள் நடப்பது நடக்கக்கூடியதா. அதற்கென்று பத்து வெள்ளி கட்டணம் வாங்கினாலும் தருவோம். நீதிபதிகளுக்கு நேரமே இல்லை என்றால், பெயரை மறைத்துக் கதைகளை வாசகர் வட்டங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கு ஐந்து கதை என்றாலும் வேலை முடிந்துவிடும். புத்தகத்தைப் பற்றி அவ்வளவு நேர்மையாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு, எழுதியவர் யார் என்று தெரியாவிட்டால், கதையைப் பற்றியும் பேச வரும்.

வாசகர் வட்ட நண்பர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சுலபம். மூன்று மாதத்துக்கு ஒரு சந்திப்பை உறுப்பினர்களின் கதைகளுக்கு என்று ஒதுக்குங்கள். கதையை ஒரு வாரம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். வாசிக்கக் கேட்டு அங்கேயே கருத்துச் சொல்வதால்தான் "அருமை" மட்டும் வாயில் வருகிறது. எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொண்டு இருக்கட்டும். எங்கள் வட்டத்தில் சென்ற ஆண்டிலிருந்து இப்படிச் செய்து பார்க்கிறோம். முதல் இரண்டு தடவை எல்லாரும் நெளிந்தார்கள். மூன்றாவது தடவை, தன் கதையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியதைக் கேட்டுவிட்டு ஓர் அண்ணன், "என் கதைய யாரும் இவ்ளோ நேரம் பேசினதே இல்ல" என்றார். அவர் கதையில் ஏழு குறை சொல்லியிருந்தோம்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு வரும் கதைகளில் பத்தை என்னிடம் கொடுங்கள். பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். டீச்சரிடமும் கேட்டேன். கண் முன்போல் இல்லையாம், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தால் ஐந்து கதை படிப்பாராம். பென்சில் அவரிடமே இருக்கிறது.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு வாசகி