குமரி மாவட்ட மெடிக்கல் கடைக்காரர்களுக்கு: மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

அன்பான கடை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

என் சித்தி குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். போன வருடம் ஒரு விடியற்காலையில் சிரட்டையில் இருந்த பாலை வாளியில் ஊற்றக் குனிந்தபோது பிடரியில் கட்டையால் அடித்த மாதிரி மண்டையிடி வந்து, அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை வாந்தி. ஜங்ஷன் கடையில், நீர்க்கோர்வையாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்தது. அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் அவருடைய இடது கண்ணிமை பாதி இறங்கிக் கிடக்கிறது. உறக்கம் சரியில்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் குளிமுறியில் விழுந்தார்.

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி புடைப்பதுதான் அன்யூரிசம். பெரும்பாலும் அது வெடிக்காமலே இருந்துவிடும், அதனால் எல்லாத் தலைவலிக்கும் பயப்படச் சொல்லவில்லை. ஆனால் சிலருக்கு வெடிப்பதற்குச் சில நாளோ வாரமோ முன்னால் அதிலிருந்து ரத்தம் லேசாகக் கசியும், அப்போது சட்டென்று தலைவலி வரும். சித்திக்கு முதலில் வந்தது அந்த வலிதான் என்றும், புடைப்பு கண் நரம்பை அழுத்தியதால் இமை இறங்கியது என்றும் டாக்டர் அப்புறம் சொன்னார்.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, போட்டோவைப் பார்த்தும் விட்டவர்கள் நாங்கள். ஆனால் நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஆட்கள் வருவது உங்கள் கடைக்குத்தான். மாத்திரை எடுக்கும் முன் கேளுங்கள்: வலி மெல்ல ஏறியதா, ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போனதா? "சட்டென்று வந்தது, வாழ்க்கையில் இப்படி வந்ததே இல்லை" என்றால் மாத்திரை கொடுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆஸ்பிரின், டைக்ளோபெனாக் எல்லாம் ரத்தம் உறைவதைக் குறைக்கும், உள்ளே கசிவு இருந்தால் அது கூடிவிடலாம். கூடவே வாந்தி, கழுத்துப் பிடிப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, இரட்டைப் பார்வை, கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, இதில் ஒன்று இருந்தாலும் தனியாக அனுப்பாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். 108-ஐ நீங்களே கூப்பிடுங்கள். பிரஷர் உள்ளவர், பீடி சிகரெட் பிடிப்பவர், அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இது வந்தவர் என்றால் இன்னும் கவனம். வலி தணிந்துவிட்டது என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்தால் ரத்தக்கசிவு அநேகமாகத் தெரிந்துவிடும், நாள் போகப் போக அது ஸ்கேனில் மங்கிவிடும்.

சித்தி, ஆபரேஷனில் அந்தப் புடைப்பை அடைக்கக் கிளிப் போட்டுப் பிழைத்துவிட்டார். வலது கை இன்னும் கத்தியைப் பிடிக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதி கவுண்டரில் ஒட்டுவீர்களா? தாள் நான் எழுதித் தருகிறேன், களியக்காவிளையோ ஆரல்வாய்மொழியோ, எந்த ஊர் என்றாலும் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
அந்தச் சித்தியின் அக்காள் மகள்