எங்கள் வாசலில் வைத்து அளந்து பாருங்கள்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு,

வணக்கம். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லய வரிசை வீடுகளுக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு கைபேசிக் கோபுரம் நிற்கிறது. அதைக் கழற்றச் சொல்லி அல்ல, அதன் அலைகள் எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு வருகின்றன என்று அளக்கச் சொல்லியே இந்த மடலை எழுதுகிறேன். கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை.

சிக்கல் நிலத்தின் சரிவில் இருக்கிறது. சமவெளியில் அன்டெனா கூரைகளுக்கு மிக உயரத்தில் இருக்கும். அலைகளைப் பெரும்பாலும் கிடையாக, சற்றே கீழ்நோக்கி வீசும். அடியில் நிற்பவருக்குக் கொஞ்சமே வந்து சேரும். எங்களுக்கோ கோபுரம் பள்ளத்தில், வீடு மேட்டில். வாசலில் நின்றால் அன்டெனாப் பெட்டிகள் கண்மட்டத்தில், நேர் எதிரே தெரிகின்றன. கோபுரத்தின் அடியில் கருவியை நீட்டி அளந்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதினால், அந்த அறிக்கை எங்கள் வீட்டைப் பற்றியது ஆகாது.

கைபேசி அலை போன்ற அயனாக்காத கதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, பொதுமக்களின் முழு உடலில் படக்கூடிய அலைச் செறிவின் எல்லை, 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீற்றருக்கு 4.5 வாற்று, 1800இல் 9 வாற்று. தூரம் இரு மடங்கானால் செறிவு கால் பங்காகிவிடும் என்பதால், எங்கள் வாசலுக்கு வருவது இந்த எல்லையில் மிகச் சிறு பங்காகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் பக்கத்துக் காம்பரா அக்கா என் கணிப்பை ஏற்கமாட்டார். தலைவலிக்கும் டவர், கொய்யா காய்க்காததற்கும் டவர் என்கிறார். கையொப்பமும் முத்திரையும் உள்ள தாள் ஒன்று இருந்தால் அவரிடம் பேசிப் பார்க்கலாம். சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசி தன் வலுவைக் கூட்டிக்கொள்கிறது, காதோடு ஒட்டியிருப்பதும் அதுதான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

என் உண்மையான கவலை வேறு. கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க, வயர் இழுக்க, ஒப்பந்தக்காரர்கள் எங்கள் பையன்களை நாட்சம்பளத்துக்கு ஏற்றுகிறார்கள். அன்டெனாவின் முகத்துக்கு முன்னால் சில மீற்றருக்குள் நிற்கும்போதுதான் எல்லை மீறப்படலாம். அவர்கள் நிற்பதும் அங்கேதான். தொழில் நிமித்தம் இந்த அலைகளுக்கு ஆட்படுவோருக்கு ஐந்து மடங்கு செறிவு வரை அந்த வழிகாட்டல் இடம் தருகிறது. அது ஆபத்தை அறிந்து, தற்காத்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவருக்கான சலுகை. முதல் நாள் மாலை "நாளைக்கு வா" என்று கூப்பிடப்பட்டவனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அவன் பொதுமக்களில் ஒருவன். வேலை நடக்கும்போது அன்டெனாவை நிறுத்தினார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும், அண்ணா" என்றான் ஒருவன்.

வேலியில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அத்தனையும் ஆங்கிலம். அதன்மேல் யாரோ உரச்சாக்கைக் காயப் போட்டிருக்கிறார்கள்; போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தோட்டத்துக்குள் தொங்கும் பலகையிலும் அது இருக்க வேண்டும்.

ஆகவே, சரிவில் நிற்கும் கோபுரங்களுக்கு, அன்டெனாவின் மட்டத்தில் உள்ள வீட்டு வாசல்களிலேயே அளந்து, முடிவைத் தமிழில் தோட்ட அலுவலகத்தில் ஒட்டச் செய்யுங்கள். பயிற்சிச் சான்று இல்லாத எவரையும் இயங்கும் அன்டெனா அருகே ஏற்றக்கூடாது என்பதை, கோபுர நிறுவனங்களின் அனுமதி நிபந்தனைகளிலேயே எழுதுங்கள். ஒப்பந்தக்காரர்மேல் பழியைத் தள்ளிவிட வழி வைக்காதீர்கள்.

அளக்க வருபவர்களை மாலை ஆறு மணிக்குப் பிறகு அனுப்புங்கள். பகலில் எல்லோரும் மலையில் கொழுந்தெடுக்கிறோம், லயத்தில் கைபேசிகள் ஓய்ந்திருக்கும்; பேச்சும் படமும் கூடும் வேளையில்தான் கோபுரமும் அதிக வலுவோடு இயங்குகிறது.

இப்படிக்கு,
மேற்பிரிவு லயத்து வாசி ஒருவன்