கணப்பு டைல்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சென்ற வாரம் எங்கள் மனையில் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்றினார்கள். கலவை லாரி தெருமுனை திரும்பியதுமே பக்கத்து மனைக்காரர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். அவருடைய வரைபடத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இருந்தும் எங்களுக்காகத் தட்டினார். அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நன்றிகளை என் கணவர் எழுதி அனுப்பிவிட்டார். தமிழில் எழுதுவது என் பங்கு. தீ வந்த நாளிலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். எங்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆல்டடீனாவை ஈட்டன் தீ எரித்த 2025 ஜனவரி 7 இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். ஒன்றை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது. மாலை ஆறே காலுக்குப் பிறகு பற்றிய நெருப்புக்கு, ஊரைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களை வெளியேறச் சொல்லும் உத்தரவு விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் வந்தது. ஈட்டன் தீயில் உயிரிழந்த 19 பேரில் ஏறக்குறைய எல்லோருமே அந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள்.

அந்த மேற்குப் பக்கம்தான் என் புகுந்த வீடு. கறுப்பினத்தவரான என் மாமனார் 1969-இல் வாங்கியது. அதற்கு முன் பக்கத்து ஊரான பாசடீனாவில் அவர்கள் குடியிருந்த தெரு 210 நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது. நிறம் பார்த்து வீடு விற்க மறுப்பதைச் சட்டம் தடை செய்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சட்டம் வந்தாலும் தரகர்கள் கறுப்பினத்தவருக்குக் காட்டிய வீடுகள் லேக் அவென்யூவுக்கு மேற்கேதான் இருந்தன. அப்படி வந்து சேர்ந்த ஆசிரியர்களும் தபால் ஊழியர்களும் செவிலியர்களும் சேர்ந்து உண்டாக்கியதுதான் மேற்கு ஆல்டடீனா. 1980-இல் ஆல்டடீனாவில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். தீ வருமுன்பே அது இருபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆனாலும் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சொந்த வீடு வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இது அரிதிலும் அரிது. தீக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினக் குடும்பங்களில் 48 சதவீதத்தினரின் வீடுகள் அழிந்தோ பெரும் சேதமடைந்தோ போயிருந்தன. மற்றவர்களில் அது 37 சதவீதம்.

என் மாமியாரை நான் அம்மா என்றுதான் அழைப்பேன். எண்பதைத் தாண்டிவிட்டார். தீக்குப் பிறகு அவர் அழவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். இதற்கிடையில் மனையை வாங்கிக்கொள்கிறோம், ரொக்கமாகத் தருகிறோம் என்று முகம் தெரியாதவர்களிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. சாம்பல் சூடு ஆறுமுன்பே தொடங்கிவிட்டது அது. ஆகவே ஒரு நாள் புது எண்ணிலிருந்து ஒரு பெண் அழைத்தபோது என் கணவர், "விற்கிற எண்ணம் இல்லை" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கள் வீட்டுப் புகைபோக்கி நின்றுகொண்டிருக்கிறது. கணப்பில் பழைய பாட்செல்டர் டைல்கள் இருக்கின்றன. புல்டோசர் வருமுன் கழற்றித் தரட்டுமா? காசு வேண்டாம்" என்றார்.

ராணுவப் பொறியியல் படையினர் இடிபாடுகளை அள்ளும்போது புகைபோக்கியையும் சேர்த்துத்தான் சாய்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் எப்போது வருவார்கள் என்று உறுதியாகத் தெரியாது. அதனால்தான் 'சேவ் த டைல்ஸ்' என்ற அந்தத் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடந்து, தனியே நின்ற புகைபோக்கிகளை எட்டிப் பார்த்து, டைல் இருக்கும் மனைகளைக் குறித்துக்கொண்டு, திசைக்கொருவராகச் சிதறிப்போன உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்குமிடமும் தண்ணீரும் கேட்டு அலைந்த நேரத்தில் கணப்பு டைலைப் பற்றிக் கவலைப்பட யாருக்குத் தோன்றும்? எங்களுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியது.

ஏர்னஸ்ட் பாட்செல்டர் நூறு வருஷத்துக்கு முன் பாசடீனாவில் தன் வீட்டுக் கொல்லையில் சூளை போட்டு டைல் சுட ஆரம்பித்தவர். 1920-களில் இந்தப் பக்கம் கட்டிய வீடுகள் பலவற்றின் கணப்பில் அவர் பட்டறை டைல்கள் இருந்தன. 1930-களின் தொடக்கத்தில் பட்டறை மூடப்பட்டுவிட்டது. பளபளப்பே இருக்காது. மண்ணின் பழுப்பு, பள்ளங்களில் மட்டும் மங்கலான நீலம். எங்கள் வீட்டில் நடுவில் எதிரெதிராக இரண்டு மயில்கள். கல்யாணமாகி முதல்முறை உள்ளே நுழைந்த அன்று நான் அந்த மயில்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழற்ற வந்தவர்களில் ஒருவர் தொழில்முறைக் கொத்தனார். வயதானவர். மற்றவர்கள் அவருக்கு வாளி தூக்கினார்கள். எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தில் இறுக்கமான வடிகட்டி முகமூடி. சாம்பலில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் கிடந்ததால் அம்மாவைக் காரிலிருந்து இறங்க விடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டைல்கள் சூளையில் வெந்தவை, தாங்கிவிட்டன. அவற்றைப் பிடித்திருந்த காரைதான் வெந்து உளுத்துப் போயிருந்தது. கொத்தனார் மெல்லிய உளியைக் காரையில் நுழைத்துச் சுத்தியலால் தட்டுவார். நான்கு தட்டுத் தட்டி நிறுத்தி, உள்ளங்கையை டைல் மேல் வைத்துப் பார்ப்பார். அசைந்தால் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார். அசையாவிட்டால் மறுபடி அடுத்த ஓரத்திலிருந்து. ஒவ்வொன்றின் முதுகிலும் எந்த வரிசை, எந்த இடம் என்று எண் எழுதி, கசக்கிய தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

கீழ் வரிசைக்கு வந்தபோது அவர் கை நின்றது. ஒரு டைலை எடுத்து ஈரப் பஞ்சால் துடைத்தார். எங்கள் கார் பக்கம் வந்தார். சற்றுத் தள்ளி நின்றுகொண்டு அதைத் தூக்கிக் காட்டினார். வலது மூலை உடைந்திருந்தது. "இது தீயில் உடைந்ததில்லை. புது உடைப்பு என்றால் உள்ளே செங்கல் நிறம் தெரியும். இதில் பல வருஷப் புகை ஏறியிருக்கிறது, ஓரமெல்லாம் கை பட்டு மழுங்கியிருக்கிறது. யார் உடைத்தது?" என்று கேட்டார்.

அம்மா முன் சீட்டில் இருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான்கு வயதில் இவர் பொம்மை லாரியைக் கொண்டு போய் மோதினாராம். மாமனார் திட்டக் கூட இல்லையாம், உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இது நம்ம வீடு" என்றாராம். இந்தக் கதையை எங்கள் யாரிடமும் அம்மா அதுவரை சொன்னதில்லை. கண்ணாடிக்கு வெளியே முகமூடியோடு நின்றவரிடம், உரக்க, ஒரு வரி விடாமல் சொன்னார். அவரும் சுத்தியலைத் தொங்கவிட்டபடி நின்று கேட்டார். அந்த ஒரு டைலை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து, மேலே 'லாரி' என்று எழுதினார்.

நாங்கள் நீட்டிய உறையை அவர் தொடவே இல்லை. அடுத்த தெருவில் இன்னும் இரண்டு புகைபோக்கிகள் இருக்கின்றன, இருட்டுமுன் முடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

டைல்தான் எங்கள் முடிவை மாற்றியது என்று எழுதினால் அது பொய். காப்பீட்டுக்காரர்களோடு நடந்த இழுபறி, வங்கிக் கடன், அம்மாவின் வயது எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அன்றிலிருந்து அம்மா வீட்டைப் பற்றிப் பேசினார். புது வரைபடத்தில் கணப்பு எங்கே வரும் என்று கேட்டார். தெருவில் பலரைப் போல நாங்களும் 'ஆல்டடீனா விற்பனைக்கு இல்லை' என்ற பலகையைக் கொண்டு வந்து நட்டபோது, அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எல்லோரையும் இங்கே அடக்க முடியாது. தப்பி நின்ற ஃபேர் ஓக்ஸ் பர்கர் கடைக்காரர்கள் வாசலிலேயே ஊருக்குச் சோறு போட்டார்கள். பாசடீனாவின் ஆக்டேவியாஸ் புக்‌ஷெல்ஃப் என்ற புத்தகக் கடை, புத்தகங்களை ஒதுக்கிவிட்டுப் பால்பொடியும் போர்வையும் அடுக்கியது. மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் தீயணைக்க வந்தார்கள். சிறையிலிருந்து தீயணைக்க வந்த கைதிகளுக்கு அப்போது நாளொன்றுக்கு 5.80 முதல் 10.24 டாலர் வரைதான் அடிப்படைக் கூலி. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் விடுதி அறைக்கே வந்து ரசம் கொடுத்தீர்கள், அம்மா இப்போது அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். கிறிஸ்துமஸுக்கு எங்களைச் சான்டா ரோசா அவென்யூவுக்குக் கூட்டிப் போன அண்டை வீட்டாருக்கும் நன்றி. அங்குள்ள தேவதாரு மரங்களில் 1920 முதல் விளக்குப் போடுகிறார்கள். இமயமலைப் பக்கத்து மரம் இவ்வளவு தூரம் வந்து வேர்விட்டு, இந்தத் தீயையும் பெரும்பாலும் தாண்டி நிற்கிறது.

பாசடீனா தொழிலாளர் மையத்தின் தினக்கூலித் தோழர்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். காற்று அடங்கிய மறுநாளே துடைப்பமும் கோடாரியும் எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களை வெட்டித் தெருக்களைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். அந்தக் கோடையிலேயே குடிவரவு அதிகாரிகள் லாஸ் ஏஞ்சலஸ் முழுக்க ஆட்களைப் பிடித்தபோது, எங்களுக்காகக் குப்பை அள்ளியவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவே பயந்தார்கள். எங்கள் வீட்டைக் கட்டுகிற கைகளில் பாதி அவர்களுடையது. யாராவது அவர்களைத் தேடி எங்கள் மனைக்கு வந்தால் முன்னால் நிற்பது நானாகத்தான் இருக்கும். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "நீ பின்னால் நில், நான் நிற்கிறேன்" என்றார். சாலைக்காக வீட்டை விட்டுக் கிளப்பப்பட்டவர் அவர். அதிகாரி கதவைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அவர் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர் குரலிலேயே தெரிந்தது.

புது வீட்டில் விறகு எரிக்க மாட்டோம். நெருப்பே வேண்டாம் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. மயில்கள் பழைய வரிசைப்படியே சுவரில் ஏறும், லாரி டைல் கீழ் வரிசையில் வலது ஓரம் வரும். பதிக்க அந்தக் கொத்தனாரையே கேட்டிருக்கிறோம். இந்த முறை கூலி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்.

வீடு எழும்ப இன்னும் நாளாகும் குடும்பங்களுடைய டைல்கள் இன்னும் பெட்டிகளில் காத்திருக்கின்றன. சுத்தம் செய்யவும் வரிசை பார்த்து அடுக்கவும் கை போதவில்லை என்று சொன்னார்கள். இனி சனிக்கிழமைகளில் நான் போகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்கள், முதுகு இடம் கொடுத்தால் கூட வாருங்கள். பெட்டி கனமாக இருக்கும். கையுறை என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
மேற்கு ஆல்டடீனாவின் ஒரு மருமகள்