தமிழிலும் ஒருக்கால் வாசிக்கச் சொல்லுங்கள்

திருகோணமலை வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், ஆரம்பப் பிரிவில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்தி. தரம் 3 முதல் 5 வரை ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆங்கிலம் புதிதென்பதால் வரும் தடுமாற்றத்தையும் கற்றல் குறைபாட்டையும் நாங்கள் மாற்றி எண்ணிய இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒருவன் மூதூர்ப் பக்கமிருந்து வந்தவன். ஆங்கிலக் கொப்பி முழுக்கச் சிவப்பு மை. பஸ்ஸைப் பேனைக்குரிய எழுத்தில் தொடங்குவான். 'இஸ்கூல்' என்பான். "கற்றல் குறைபாடு, விசேட கல்வி அலகுக்கு அனுப்புவோம்" என்று பேச்சு வந்தது. அன்றைய தமிழ்ப் பேப்பரை அவன் கையில் கொடுத்தேன். கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவித்தலைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, "எங்கட அப்பாவும் ரெண்டு நாள் போகேல்லை ரீச்சர்" என்றான்.

அவன் பிழைவிட்ட அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் இந்த மடலில் வேறுபடுத்திக் காட்ட எனக்கே வழியில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் 'பீ'தான். பல்லுக்கும் கம்புக்கும் ஒரே பகரத்தைப் போடுகிறோம். ஒலி வேறென்று நினைப்பதேயில்லை. சொல்லின் முதலில் 'ஸ்க்' என்று இரண்டு மெய் சேர்ந்து வருவதும் தமிழுக்கு இல்லாதது. அவன் தன் தாய்மொழிக் காதால் ஆங்கிலத்தைக் கேட்டான், அவ்வளவுதான். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ், பாடத்துக்குரிய ஆங்கிலத்தில் மற்றவர்களோடு சமனாக வர 5 முதல் 7 வருடம் செல்லும் என்று 1981இல் எழுதினார். அதுவும் தெருவெல்லாம் ஆங்கிலம் கேட்கிற நாட்டில்!

மற்றவளை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. "ஆங்கிலம் புதுசுதானே, போகப் போக வரும்" என்று இரண்டு வருடம் விட்டது நான்தான். தரம் 5இல்தான் அவளின் தமிழ் வாசிப்பைக் கேட்டேன். விரலை எழுத்தின் கீழே அழுத்திப் பிடித்து, "க... ப்... ப... ல்... கப்பல்" என்றாள். அடுத்த வரியிலும் அதே சொல். திரும்பவும் 'க'விலிருந்து கூட்டத் தொடங்கினாள். தமிழில் எழுத்தைக் கூட்டினால் ஒலி வந்துவிடும். அதனால் பிழை குறைவு. மந்தமாக வாசிக்கிறாள் என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தாயை அழைத்துக் கேட்டபோது, "எனக்கும் இப்பிடித்தான் ரீச்சர், வாசிப்பு ஏறவேயில்லை" என்றார். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு பரம்பரையாகவும் வரும். பொதுவாக அது ஒரு மொழியில் மட்டும் இருந்துவிட்டு மற்ற மொழியில் மறைந்துபோவதில்லை.

ஆசிரியர்களே, ஒரு பிள்ளையை அனுப்ப முன்னும், 'சரிவரும்' என்று விட முன்னும் பத்து நிமிடம் தாய்மொழியில் வாசிக்கக் கேளுங்கள். வீட்டில் சிங்களம் பேசும் பிள்ளையென்றால் சிங்களம் தெரிந்தவரை இருத்திக் கேளுங்கள். கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். எப்போது பேசத் தொடங்கியது என்று தாயிடம் விசாரியுங்கள். புதிதாகப் பத்துச் சொல் கற்பித்துச் சில கிழமை பாருங்கள்: மொழி மட்டும் தடையான பிள்ளை, கற்பித்தால் பிடித்துக்கொள்ளும்.

பணிப்பாளர் அவர்களே, விசேட கல்விக்குப் பிள்ளைகளை அனுப்பும் படிவத்தோடு தாய்மொழி வாசிப்புக்கென ஒரு பக்கம் சேருங்கள். வகுப்பாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து கையொப்பமிடட்டும். அந்தப் பக்கத்தைத் தயாரிக்க ஆள் தேவையென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி